ஓட்டு வீட்டின் கொல்லைப்புறத்தில் புதிய அறை: பழைய வீட்டோடு இசைந்து நிற்க என்ன செய்ய வேண்டும்?

வலங்கைமான் மருமகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வலங்கைமானுக்கு அருகே, குடமுருட்டிக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் என் கணவரின் பூர்வீக வீடு இருக்கிறது. மாமனாரின் தகப்பனார் காலத்தில் கட்டிய ஓட்டு வீடு அது. வாசலில் மரத்தூண்கள் தாங்கும் திண்ணை, அதைத் தாண்டினால் ரேழி என்னும் நடை, பிறகு முற்றத்தைச் சுற்றிய கூடம், இரண்டாம் கட்டில் சமையலறை, கடைசியில் கிணறும் தென்னைகளும் உள்ள கொல்லை என்று எங்கள் பக்கத்து வீடுகளுக்கே உரிய அமைப்பு இன்றுவரை மாறாமல் நிற்கிறது. சுவர்கள் ஒன்றரை அடி கனம். களிமண் சாந்தில் செங்கல் அடுக்கி, மேலே சுண்ணாம்புப் பூச்சு பூசியிருக்கிறார்கள். முன்கட்டுக்கு நாட்டு ஓடும் சமையற்கட்டுக்குச் சீமை ஓடும் (மங்களூர் ஓடு) வேய்ந்திருக்கிறது. தரை முழுவதும் சிவப்புக் காவி.

மாமனாருக்கு 82 வயதாகிறது. மாமியாருக்கு முழங்கால் வலி. கழிப்பறை கொல்லையின் கோடியில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு நேரத்தில் அவர்கள் படும் பாட்டை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே சமையற்கட்டுக்குப் பின்னால் 14 அடிக்கு 12 அடியில் ஒரு படுக்கையறையும், அதோடு சேர்ந்த குளியலறை, கழிப்பறையும் கட்டத் தீர்மானித்திருக்கிறோம்.

உள்ளூரில் ஒருவர் வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். சமையலறையின் பின்சுவரில் துளையிட்டுக் கம்பி செருகி, அந்தச் சுவரின்மேலேயே கான்கிரீட் தளத்தின் ஒரு பக்கத்தை உட்காரவைத்து, மொட்டை மாடியாக முடித்துவிட்டு, வெளிச்சுவரில் ஓடு நிறத்தில் டைல்ஸ் ஒட்டினால் பழைய வீட்டோடு பொருந்திவிடும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கொழுந்தனாரோ முழுவதையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறார்; அதற்கும் நானும் என் கணவரும் உடன்படவில்லை.

பழைய சுவரோடு கான்கிரீட்டைப் பிணைப்பது சரிதானா? புதிய அறை ஒட்டவைத்த துண்டாகத் தெரியாமல், அந்த வீட்டில் பிறந்த பகுதியாகவே தெரிய எவற்றைக் கவனிக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.


தஞ்சைக் கட்டுமானம் எழுதியது:

அம்மா, வணக்கம். தஞ்சாவூரில் கட்டுமானப் பொறியாளராக இருக்கிறேன். கம்பி செருகிப் பழைய சுவரின்மேல் தளத்தை உட்காரவைக்கும் யோசனையை எக்காரணம் கொண்டும் ஏற்க வேண்டாம்.

காவிரிப் படுகையின் வண்டல் களி ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே இயக்கம் வீட்டுக் கடைக்காலுக்கு (அஸ்திவாரத்துக்கு) அடியிலும் ஆண்டுதோறும் நடக்கிறது. உங்கள் பழைய வீடு இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பல தலைமுறைகளாகப் பழகிவிட்டது. களிமண் சாந்தும் சுண்ணாம்பும் சற்று இளகிக் கொடுக்கும் பொருள்களாதலால், சுவர் லேசாக அசைந்தாலும் அது மயிரிழை விரிசல்களாகப் பரவி அடங்கிவிடும். புதிய அறையோ இனிமேல்தான் தன் எடையால் மண்ணை அமுக்கிக்கொண்டு அமரப் போகிறது. உட்கார்ந்து முடித்த ஒரு கட்டடத்தையும் உட்காரப் போகும் ஒரு கட்டடத்தையும் இரும்புக் கம்பியால் கட்டிப்போட்டால், இரண்டில் வலுக்குறைந்தது கிழியும். இங்கே வலுக்குறைந்தது உங்கள் சமையலறைச் சுவர்தான்.

ஆகவே புதிய அறை தன் சொந்தத் தூண்களில், சொந்தக் கடைக்காலில் தனித்து நிற்க வேண்டும். பழைய சுவரும் புதிய கட்டுமானமும் நெருங்கும் இடமெல்லாம் குறைந்தது 1 அங்குல இடைவெளி தரையிலிருந்து கூரை வரை தொடர்ந்து இருக்க வேண்டும். அந்த இடைவெளியை அமுங்கக்கூடிய பலகையால் நிரப்பி, வெளியே மழைநீர் புகாதபடி ஒரு மரப்பட்டையோ தகடோ வைத்து மூடலாம். ஆனால் அந்த மூடியை ஒரு பக்கத்தில் மட்டுமே ஆணியடித்துப் பொருத்த வேண்டும். இரண்டு பக்கமும் அடித்துவிட்டால் இடைவெளி விட்டதன் பயனே போய்விடும். பல வீடுகளில் கொத்தனார்கள் பூச்சு வேலையின்போது இந்த இடைவெளியைக் கலவையால் அடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு யாராவது அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பள்ளம் தோண்டுவது. பழைய சுவரின் ஓரமாகவே நீளமாக வாய்க்கால்போல் தோண்டுவது மிகவும் ஆபத்தானது. அக்காலக் கடைக்கால் பெரும்பாலும் படிப்படியாக அகலும் செங்கல் கட்டுதான். அதிக ஆழம் போயிருக்காது. பக்கத்து மண்ணை எடுத்துவிட்டால் அது சரிந்து வெளியே வந்துவிடும். ஐ.எஸ். 1904 என்ற இந்தியத் தரக்குறிப்பில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது: களிமண்ணில் அடுத்தடுத்த இரு அடித்தளங்கள் வெவ்வேறு ஆழத்தில் இருந்தால், அவற்றின் விளிம்புகளை இணைக்கும் கோடு 2 பங்கு கிடைக்கு 1 பங்கு செங்குத்து என்ற சாய்வைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதாவது உங்கள் புதிய கடைக்கால் பழையதைவிட 2 அடி ஆழமாகப் போனால், அதிலிருந்து குறைந்தது 4 அடி தள்ளி இருக்க வேண்டும். எனவே முதல் வேலையாக, பழைய பின்சுவரை ஒட்டி ஒரே ஒரு இடத்தில் இரண்டடிச் சதுரத்தில் மாதிரிக் குழி தோண்டி, பழைய கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று அளந்து குறித்துக்கொண்டு, அன்றைக்கே குழியை மூடி மண்ணை இடித்து இறுக்கிவிடுங்கள்.

மண் பரிசோதனைக்கு ஆகும் செலவைச் சேமிக்க நினைக்காதீர்கள். ஆற்றங்கரை என்பதால் சில அடி ஆழத்திலேயே மணற்படுகை தட்டுப்படலாம். அப்படியானால் சாதாரணக் கடைக்காலே போதும். நெடுகக் களியாகவே இருந்தால், அண்டர் ரீம்டு பைல் எனப்படும், அடிப்பகுதி விரிந்த கான்கிரீட் தூண்களைப் பரிந்துரைப்பேன். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்காக வளர்த்தெடுத்த முறை இது. விரியும் களியில் பருவத்துக்கேற்ப ஈரம் மாறுவது ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழம் வரை இருக்கக்கூடும் என்பதால், இந்தத் தூண்கள் அந்த ஆழத்துக்கு இறங்கி நிலைகொள்கின்றன. கையால் சுழற்றும் துளைக்கருவியாலேயே குழி போட்டுவிடலாம். பழைய சுவருக்கு அதிர்வும் இல்லை, நீளமான பள்ளமும் இல்லை. தூண்களை இணைக்கும் பீமுக்கு அடியில் சுமார் 3 அங்குலம் வெற்றிடம் விட வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் உப்பும் மண் பீமை மேலே தள்ளும்.


கும்பகோணம் ஓட்டுக்கூரை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். பழைய வீடுகளைச் சீரமைக்கும் கட்டடக் கலைஞர் நான். முன்னவர் சொன்ன கடைக்கால் விவரங்களை அப்படியே ஏற்கிறேன்; அவர் கேட்கும் இடைவெளியைச் சற்றுப் பெரிதாக்கினால் அழகுக்கும் அதுவே வழியாகிவிடும் என்பதையே நான் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

புதிய அறையைச் சமையலறைச் சுவரோடு ஒட்டவே ஒட்டாதீர்கள். சுமார் 8 அடி தள்ளிக் கட்டுங்கள். அந்த 8 அடியில் ஒரு பக்கமாக 4 அடி அகலத் தாழ்வாரம் ஒன்று பழைய கொல்லை வாசலிலிருந்து புதிய அறையின் வாசலுக்குப் போகட்டும். மீதி இடம் சிறிய முற்றமாகத் திறந்தே இருக்கட்டும். சமையலறையின் பின்பக்க ஜன்னல் அடைபடாது, அடுப்புப் புகை வெளியேறும், இரு பக்கமும் வெளிச்சம் கிடைக்கும். கட்டுக்குக் கட்டு ஒரு திறப்பு விட்டு வீட்டைக் கொல்லை நோக்கி நீட்டிக்கொண்டே போவதுதான் நம் பக்கத்து முறை. முதற்கட்டு, இரண்டாம் கட்டு, இப்போது மூன்றாம் கட்டு என்று அந்த வரிசையிலேயே உங்கள் புதிய அறையும் சேர்ந்துகொள்ளும்.

கூரையில்தான் பலரும் தவறுகிறார்கள். பழைய சமையற்கட்டின் ஓட்டுச் சரிவு எத்தனை பாகை என்று அளந்து, அதே சரிவைப் புதிய கூரைக்கும் கொடுங்கள். சரிவு ஒன்றாக இருக்கும்போது, அறையின் அகலம் கூடினால் முகடு உயர்ந்துகொண்டே போகும் என்பதை மறந்துவிடக் கூடாது. உங்கள் 14 அடிக்கு 12 அடி அறையில் 14 அடியைக் குறுக்காக வைத்தால் புதிய முகடு பழைய முகட்டுக்கு மேலே எழும்பி வீட்டையே சிறிதாக்கிக் காட்டும். 12 அடியைக் குறுக்காகவும் 14 அடியை முகட்டின் திசையிலும் வையுங்கள். புதிய முகடு பழையதைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தாலும் நல்லதுதான். கூரையின் கீழ் விளிம்பான இறவாரமும் பழைய உயரத்திலேயே ஓட வேண்டும். குளியலறையை அதே முகட்டின் கீழ் திணிக்காமல், பக்கவாட்டில் ஒற்றைச் சரிவாக இறக்கிவிடலாம்.

தாழ்வாரத்தின் ஓடு பழைய இறவாரத்துக்கு அடியில் நுழைந்து, ஒற்றைச் சரிவாக முற்றத்தை நோக்கி இறங்கட்டும். அப்படிச் செய்தால் இரண்டு ஓட்டுச் சரிவுகள் மோதிக்கொள்ளும் பள்ளமே எங்கும் உண்டாகாது. பள்ளத்தில் தகடு போட்ட கூரைகள் தென்னங்குப்பையும் சருகும் அடைத்துக்கொண்டு ஒழுகுவது நம் ஊரில் எல்லோரும் அறிந்த துன்பம். இதற்காகக் கொல்லை வாசலில் தரையிலிருந்து இறவாரம் வரை எவ்வளவு உயரம் என்று இப்போதே அளந்துபாருங்கள். ஏழரை அடிக்குக் குறைந்தால், பழைய கூரையின் கடைசி இரண்டு வரிசை ஓடுகளை எடுத்துவிட்டுக் கூரையைத் தாங்கும் சாய்மரமான கைமரத்தைச் சிறிது குறைக்க வேண்டியிருக்கும்.

ஓடு வாங்கும்போது, வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் பழைய சீமை ஓடுகளையே தேடுங்கள். ஒவ்வொன்றையும் விரல்முட்டியால் தட்டிப்பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல ஓடு, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கிறது. எல்லாச் சரிவுக்கும் போதுமான பழைய ஓடு கிடைக்காவிட்டால், முற்றத்திலிருந்து பார்க்கும்போது கண்ணில் படும் சரிவுக்குப் பழையதையும் கொல்லைப் பக்கச் சரிவுக்குப் புதியதையும் போடலாம். வெவ்வேறு ஆலை முத்திரையுள்ள ஓடுகளை ஒரே வரிசையில் கலக்க வேண்டாம். கொக்கியும் பள்ளமும் சிறிதளவு மாறினாலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது.

ஜன்னல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய ஜன்னல்கள் அகலத்தைவிட உயரம் அதிகமாகவும், நெட்டுக்குத்தான இரும்புக் கம்பிகளோடும், தரையிலிருந்து தாழ்வாகவும் இருக்கும். ஆறடி அகல அலுமினிய ஜன்னல் ஒன்றை வைத்துவிட்டால், ஓடும் சரிவும் எவ்வளவு பொருந்தினாலும் எல்லாம் வீணாகிவிடும். கூடத்து ஜன்னல் ஒன்றின் அகலம், உயரம், தரையிலிருந்து அதன் அடிக்கட்டை வரையுள்ள அளவு ஆகிய மூன்றையும் எடுத்து அப்படியே பின்பற்றுங்கள். ஒன்பது அங்குலச் சுவரில் ஜன்னல் வைத்தால் ஒல்லியாகத் தெரியும். முற்றத்தைப் பார்க்கும் சுவரை மட்டுமாவது ஒன்றரைச் செங்கல் கனத்தில் கட்டி, நிலையை உட்பக்கமாகத் தள்ளி வைத்தால் பழைய சுவரின் ஆழம் கிடைக்கும். ஓடு நிற டைல்ஸை வரைபடத்திலிருந்தே அடித்துவிடுங்கள்.


வேதாரண்யம் உப்புக்காற்று எழுதியது:

கும்பகோணத்து அம்மையார் சொன்னவற்றில் அழகு பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் மரக் கைமரம், மர ரீப்பர் (ஓடு மாட்டும் குறுக்குச் சட்டம்) என்று பழைய முறையிலேயே போக வேண்டுமா என்பதில் என் கருத்து வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் ஓட்டு வீடுகள் பட்ட பாட்டை நேரில் கண்டவன் நான். கூரையில் முதலில் பறந்தவை இறவாரத்து ஓடுகளும் முகட்டு ஓடுகளும் மூலை ஓடுகளும்தான். காற்று கூரையை மேலே உறிஞ்சி இழுக்கும் வலு அந்த ஓரங்களில்தான் மிகுதி. ஓரம் திறந்துவிட்டால் காற்று உள்ளே புகுந்து மற்றவற்றையும் தூக்கிவிடும்.

நீங்கள் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தாலும் புயல் டெல்டாவுக்குள் வராது என்று நம்பியிருக்க முடியாது. எனவே கூரைச் சட்டகத்தைத் துருப்பிடிக்காத பூச்சுள்ள இரும்புக் குழாய்களால் செய்து, அதைக் கான்கிரீட் பீமில் பதித்த தகடுகளோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். ஓரத்து இரண்டு வரிசை ஓடுகளையும் முகட்டை ஒட்டிய வரிசையையும் ஒவ்வொன்றாகக் கம்பியாலோ திருகாணியாலோ சட்டகத்தோடு கட்டிவிடுங்கள். முகட்டு ஓட்டைக் கலவை வைத்துப் பதிப்பது மட்டும் போதாது. கரையானுக்கும் இதுவே விடை: டெல்டாவின் ஈரமண்ணில் புதிய மரத்தைக் கரையானிடமிருந்து காப்பது ஓயாத வேலை. உள்ளேயிருந்து பார்க்கும்போது இரும்பு தெரிவது பிடிக்காவிட்டால், குழாய்களுக்குக் கீழே மெல்லிய மரப்பலகைக் கூரை அமைத்துக்கொள்ளலாம்.

சரிவாகக் கான்கிரீட் போட்டு அதன்மேல் ஓடு பதிக்கும் முறையை யாராவது பரிந்துரைத்தால், யோசித்துச் செய்யுங்கள். எடை அதிகம், கோடையில் அனல் தாங்காது, இறவாரம் தடித்துத் தெரியும்.


பாபநாசம் சுண்ணாம்புக்காரர் எழுதியது:

அக்கா, வணக்கம். நாங்கள் பரம்பரையாகக் கொத்து வேலை செய்பவர்கள். மற்றவர்கள் சொன்னதில் இரும்புக் கூரைச் சட்டகத்துக்கு என் ஆதரவும் உண்டு. பூச்சையும் தரையையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

புது அறை கட்டும் சாக்கில் பழைய சுவரையும் சிமென்ட் பூசிப் புதுப்பித்துவிடலாம் என்று கொத்தனார் சொல்வார். சம்மதிக்காதீர்கள். களிமண் சாந்துச் சுவர் தரையிலிருந்து ஓதத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் நெஞ்சுயரத்துக்கு வந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. பளபளப்பான பிளாஸ்டிக் பெயின்ட்டும் அதே தீங்கைத்தான் செய்யும். உப்புப் பொரிந்து பூச்சு உதிர்ந்த இடங்கள் இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, நீர்த்த சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த ஆற்று மணல் 3 பங்கு என்று கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் சேர்த்து, மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். ஒரு படலம் இறுகிய பிறகே அடுத்தது. கலவை பூசிய சுவருக்கு ஈரச் சாக்கு தொங்கவிட்டு வெயில் படாமல் காப்பாற்றுங்கள். அவசரப்படுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு வேலை சரிவராது.

புதிய சுவருக்குச் சிமென்ட் பூச்சு இருக்கலாம், ஆனால் கடைசியில் இரண்டு சுவருக்கும் ஒரே சுண்ணாம்பையே அடியுங்கள். சிமென்ட் பூச்சை வழவழப்பாக இழைக்காமல் சற்றுச் சொரசொரப்பாக விட்டால்தான் சுண்ணாம்பு பிடிக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் வெள்ளை நன்றாக எடுத்துக்கொடுக்கும். அடியில் பழைய வீட்டுக்கு இருக்கும் அதே உயரத்தில் காவிப் பட்டை ஓடினால், தாழ்வாரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு எது பழையது, எது புதியது என்று சட்டென்று பிடிபடாது.

தரையைப் பொறுத்தவரை, பழைய காவியின் நிறத்தைப் புதிய காவியில் கொண்டுவர முயல வேண்டாம். பல்லாண்டு காலம் பாதம் பட்டு மெருகேறிய சிவப்பு முதல் நாளிலேயே வராது. பழைய தரை முடியும் வாசற்படியில் கறுப்புக் கடப்பைக் கல்லை ஒரு முழ அகலத்துக்குக் குறுக்காகப் பதித்துவிட்டு, அதன் அப்பால் புதிய காவியைத் தொடங்குங்கள். இரண்டு சிவப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாவிட்டால் வேறுபாடு உறுத்தாது. அறைத் தரை முழுவதையும் ஒரே நாளில், ஒரே கலவையில் இழைத்து முடிக்க வேண்டும்; நடுவில் நிறுத்தினால் அந்தக் கோடு என்றைக்கும் தெரியும்.


வலங்கைமான் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மொட்டை மாடி வரைபடத்தைக் கைவிட்டுவிட்டோம். தாழ்வாரமும் சிறு முற்றமும் என்ற யோசனையைச் சொன்னதும் மாமனாரின் முகமே மலர்ந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது அந்த இடத்தில் நெல் குத்தும் கொட்டகை ஒன்று இருந்ததாம். கொல்லை வாசலில் இறவாரத்தின் உயரத்தை அளந்தோம்: 8 அடிக்குச் சற்றுக் குறைவு. கூரைக்கு இரும்புச் சட்டகம் என்று முடிவு செய்துவிட்டோம்.

இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. எங்கள் கிணற்று நீரைத்தான் குடிக்கிறோம். கொல்லை ஏறத்தாழ 90 அடி நீளம். கிணறு சமையற்கட்டிலிருந்து 20 அடியில் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டியை எங்கே வைப்பது? வீட்டின் தரை கொல்லை மண்ணைவிட 2 அடி உயரம் என்பதால், பிற்காலத்தில் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் என்ன செய்வது? வேலையை எந்த மாதத்தில் தொடங்குவது, ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.


தஞ்சைக் கட்டுமானம் எழுதியது:

அம்மா, 8 அடி இருந்தால் பழைய கைமரத்தைத் தொடவே வேண்டியதில்லை. நல்லது.

கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 2470 சொல்லும் அளவு. உங்கள் கிணறு 20 அடியில் இருப்பதால், உறிஞ்சுகுழி 80 அடிக்கு அப்பால், கொல்லையின் கோடியில்தான் வரும். பக்கத்துக் கொல்லைகளின் கிணறுகளையும் அளந்துபார்க்க மறவாதீர்கள்; இந்த விதி அவர்கள் குடிக்கும் நீருக்கும் பொருந்தும். களிமண் என்றால் உறிஞ்சுகுழி மழைக்காலத்தில் வேலை செய்யாமல் எதிர்த்துத் தள்ளும். ஆகவே தொட்டியை நீர் கசியாதபடி கான்கிரீட்டில் கட்டி, வெளியேறும் நீரைக் கல்வாழை நட்ட சரளைப் படுகை வழியாக விட்டு வடியவைப்பது நலம். தொட்டியைக் கார்த்திகை, மார்கழியில் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது வெறும் தொட்டி மிதந்து எழும்பிக் குழாய்களை முறித்துவிடும்.

சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. 2 அடிக்கு 24 அடி வேண்டும். புதிய அறையின் கொல்லைப் பக்க ஓரமாக நடுவில் ஒரு திருப்பத்தோடு இப்போதே அதற்கு இடம் ஒதுக்கிவையுங்கள். கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூடத்திலிருந்து தாழ்வாரம் வழியாகக் கழிப்பறை வரை தரை ஒரே மட்டமாக, இடையில் படியோ மேடோ இல்லாமல் இருப்பதும், கதவுகள் 3 அடி அகலம் இருப்பதும் கட்டாயம். ஈரம் வெளியே வராமலிருக்கக் குளியலறைக்கு முன் மேடு கட்டுவது வழக்கம். மாமியாரின் முழங்காலுக்கு அது பகை. மேட்டுக்குப் பதிலாகக் குளியலறைத் தரைக்கு உட்பக்கமாகச் சரிவு கொடுத்து, வாசலோரத்தில் கம்பி வலையிட்ட சிறு வடிகால் வைத்தால் போதும்.

அனுமதி கண்டிப்பாக வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 கூடுதல் கட்டுமானத்துக்கும் பொருந்தும்; விண்ணப்பிக்கும் முறையை ஊராட்சியில் கேட்டு, வரைபடத்தோடு விண்ணப்பியுங்கள். தாராசுரம் கோயில்போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம் அருகே வீடு உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை இருப்பதையும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை, அதாவது மொத்தம் 300 மீட்டர் வரை, தனி அனுமதி பெற வேண்டும் என்பதையும் கவனத்தில் கொள்க.

காலத்தைப் பொறுத்தவரை, தையில் சம்பா அறுவடை முடிந்ததும் மண் பரிசோதனையும் மாதிரிக் குழியும் முடியட்டும். மாசிக் கடைசியில் கடைக்கால் வேலையைத் தொடங்கினால், மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து வாய்க்கால்களில் தண்ணீர் வருவதற்குள் தூண்களும் பீமும் நிலத்துக்கு மேலே வந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் அறைக்கு ஓடு போட்டுவிடலாம். அறை தனித்து நிற்பதால், தாழ்வாரம் இல்லாமலே அதைப் பயன்படுத்தத் தொடங்க முடியும். அந்த ஒரு மழைக்காலத்துக்குத் தாழ்வாரத்தின் இடத்தில் மூங்கிலும் தகரமும் வைத்துத் தற்காலிகமாக மறைத்துக்கொள்ளுங்கள். புதிய கட்டடம் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் மண்ணில் அமர்ந்து முடித்த பிறகு தாழ்வாரத்தைக் கட்டினால், இரண்டு தரைமட்டங்களும் சரியாக எவ்வளவு வேறுபடுகின்றன என்பது கையில் அளவாகவே கிடைத்துவிடும்.

வேலை தொடங்கும் முன் இன்னொன்று செய்யுங்கள். சமையலறைப் பின்சுவரில் இப்போதுள்ள விரிசல்கள் ஒவ்வொன்றின் குறுக்கேயும் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனைகளிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவிடுங்கள். பணி நடக்கும் நாள்களில் கண்ணாடி உடையாமல் இருந்தால் சுவர் அசையவில்லை என்று பொருள். ஒன்று உடைந்தாலும் தோண்டுவதை அப்படியே நிறுத்திவிட்டு, உங்கள் பொறியாளரை வரவழைத்த பிறகே மேற்கொண்டு கைவையுங்கள்.